வெள்ளையடித்த பேஸ் கிட்டார்: ஒரு விற்பனையின் முழு விவரம்

மதுரையில் ஆம்ப், மிக்சர், கிட்டார் என்று ரிப்பேர் பார்ப்பவனிடம் பழைய கிட்டாரை விற்றுத் தரச் சொல்லி ஆட்கள் வருவது சாதாரணம். வருவதில் முக்கால்வாசி கல்கத்தாவின் கிவ்சன் கம்பெனிக் கிட்டார். மிச்சம், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் கிட்டார். பசுமலையிலிருந்து வந்த குடும்பம் கொண்டுவந்தது இரண்டும் இல்லை. மெத்தை உறைத் துணியில் தைத்த பைக்குள் ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்; ஃபெண்டர் என்பது அமெரிக்கக் கம்பெனி, பேஸ் என்பது கீழ்ச் சுரங்களை வாசிக்கும் கிட்டார். பாடி முழுக்க வெள்ளைப் பெயின்ட், அதுவும் பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தது.

கூடவே ஒரு தகவலும் வந்தது. எண்பதுகளில் டீக்கடை, டவுன் பஸ், கல்யாண மண்டபம் என்று எங்கும் ஒலித்த ஒரு சினிமாப் பாட்டின் பேஸ் இந்தக் கிட்டாரில்தான் வாசித்தது என்றார்கள். பாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வாசித்தவர் அந்த வீட்டுப் பெரியவர், காலமாகிவிட்டார். சர்ச் கொயரில் கிட்டார் பிடிக்கக் கற்று, எழுபதுகளில் சென்னைக்குப் போய், கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் பேஸ் வாசித்தவர். அப்புறம் பேஸ் வேலையைக் கீபோர்டே பார்க்கத் தொடங்கியது. அழைப்பு குறைந்ததும் ஊர் திரும்பி, மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டார். கோவில் திருவிழா, ரிசப்ஷன், தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி மேடை என்று கடைசிவரை வாசித்திருக்கிறார். மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏரியாவில் எல்லாருக்கும் டீச்சரம்மா. இரண்டு மகன்கள், ஒரு மகள்.

இளைய மகன் வரும்போதே செல்போனில் ஒரு செய்தியைத் திறந்து வைத்திருந்தார். 2020 செப்டம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வைத்திருந்த 1969ஆம் ஆண்டு ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் அமெரிக்காவில் ஜூலியன்ஸ் ஏலத்தில் 3,84,000 டாலருக்குப் போனது. அன்றைய நம்மூர்க் காசுக்கு 2.8 கோடி ரூபாய். “அண்ணே, அப்பாவோடது அதைவிடப் பழசுண்ணே” என்றார்.

அவர் சொன்னது நியாயமான பேச்சுதான். மஸ்டாங் என்பது கற்றுக்கொள்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த, நெக் எனும் கழுத்துப் பகுதி குட்டையான மாடல், அதிரும் கம்பியின் நீளம் 30 அங்குலம். பிரிசிஷன் 34 அங்குலம்; 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த, பேஸ் கிட்டார் என்றாலே உலகம் நினைக்கிற மாடல். மரத்துக்கு மரம் வைத்தால் டீச்சரம்மா வீட்டுக் கிட்டார்தான் உசத்தி. ஆனால் அந்த 2.8 கோடியில் மரத்தின் பங்கு ரொம்பக் கொஞ்சம். வைமனே தன் கையால் ஏலத்துக்குக் கொடுத்தார், இது என்னுடையது என்று அவரே சொன்னார், உலகம் முழுக்க அவர் முகம் தெரியும். பணம் கொட்டியது அதற்காக.

ஆகவே வேலை இரண்டாகப் பிரிந்தது. பெயரும் புகழும் இல்லாமல் இந்தக் கிட்டார் என்ன பெறும் என்பது ஒன்று. அந்தப் புகழில் எவ்வளவை இந்த மரத்தோடு சேர்த்துக் கட்ட முடியும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் வாங்க வருகிறவன் குறைந்த விலைதான் சொல்வான். கதையில் ஓர் இடத்தில் சந்தேகம் வந்தால் கிட்டாரையும் சேர்த்தே சந்தேகப்படுவான்.

கழற்றிப் பார்த்தது

பிரிசிஷன் பேஸில் நெக்கைப் பாடியோடு பிடித்திருப்பது நாலு ஸ்க்ரூ. பின்னால் ஓர் இரும்புத் தகடு, அதில் பெரிய ‘எஃப்’ எழுத்தும் ஆறு இலக்க எண்ணும். இந்த எழுத்துள்ள தகடு 1965 கடைசியிலிருந்து 1976 வரை வந்தது. வீட்டுக்காரர்கள் அந்த எண்ணையே பெரிய ஆதாரமாக நினைத்திருந்தார்கள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு வேறு கிட்டாருக்குப் போய்விடும்; எண் மட்டும் சாட்சி ஆகாது.

நெக்கை எப்படியும் கழற்றியாக வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக ஆணியில் தொங்கி, மதுரை வெயிலில் நெக் முன்பக்கம் வளைந்திருந்தது. அந்தக் காலத்து ஃபெண்டரில் உள்ளே ஓடும் கம்பியை முறுக்கும் இடம் நெக்கின் அடிப்பக்கத்தில்தான், பாடிக்குள் மறைந்து இருக்கும். கழற்றினேன். அடிக்கட்டையில் மங்கலான மையில் ரப்பர் ஸ்டாம்ப்: மாதம், 66, நெக்கின் அகலத்தைக் குறிக்கும் ‘பி’ எழுத்து.

நெக் உட்காரும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்தபோதுதான் அசல் விஷயம் தெரிந்தது. வெளியே எங்கும் வெள்ளை. பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் வழிந்து காய்ந்து நின்றிருக்கிறது. அதற்குக் கீழே, வெளிச்சமே படாத இடத்தில், தேன் மஞ்சளும் கருப்பும் கலந்த, சன்பர்ஸ்ட் எனும் பழைய அசல் பெயின்ட். பாடியின் முகப்பில் இருக்கும் பிக்கார்ட் தகட்டைத் தூக்கினால் அங்கேயும் அதே மஞ்சள், ஒரு விரற்கடை அகலத்துக்கு. கிட்டாரை முழுசாகப் பிரிக்காமல், பிக்கார்டைச் சுற்றிப் பேப்பர் ஒட்டிவிட்டு, ஏதோ கார் பட்டறையில் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். ஏன் வெள்ளை என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். “மேடையில லைட்டுக்கு நல்லா இருக்கும்னு அடிச்சாரு தம்பி, காருக்கு அடிக்கிற பெயின்ட்டு” என்றார். கள்ள நோட்டு பார்க்கிற அல்ட்ரா வயலட் லைட்டை அடித்தால் ஹெட்ஸ்டாக்கின், அதாவது கம்பி முறுக்கும் கீகள் இருக்கும் தலைப்பகுதியின், பழைய லாக்கர் பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக மின்னியது. பாடி செத்த மாதிரிக் கிடந்தது.

உள்ளே இரண்டு கன்ட்ரோல். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஏழு இலக்கம், 137இல் தொடங்குகிறது. 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி, அடுத்த இரண்டு எண் வருஷம், கடைசி இரண்டு எத்தனையாவது வாரம். 1966 என்று வந்தது. ஆனால் 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பிறகு, கன்ட்ரோல்களை மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டார்கள். 66 என்று போட்டது 68, 69இல் செய்த கிட்டார்களிலும் கிடக்கிறது. எனவே இந்த எண் சொல்வது 66க்கு முந்தியது இல்லை என்பதை மட்டும்தான். நெக் ஸ்டாம்பும் சேர்ந்ததால் 1966 என்று தைரியமாக எழுத முடிந்தது. டோன் கன்ட்ரோல் உள்ளூர் ரேடியோ ஸ்பேர்ஸ் கடைச் சரக்கு. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் அசல், மீட்டர் வைத்தால் பத்தரை கிலோ ஓம் காட்டியது. மூன்றாவது கீ மாற்றியது, ஜப்பான் கிட்டார் ஒன்றின் கீ. கட்டைவிரலுக்கோ விரல்களுக்கோ பிடிமானமாக இருக்கும் கட்டை, அந்தக் காலத்தில் கம்பிகளுக்குக் கீழ்ப்பக்கம் வரும். அதை எடுத்துவிட்டு மேல்பக்கம் ஒரு தேக்குத் துண்டை வைத்துக்கொண்டிருக்கிறார். பழைய ஓட்டை இரண்டும் மெழுகு வைத்து அடைத்தபடி இருக்கின்றன.

விலைக்கு இதெல்லாம் என்ன அர்த்தம்? சி.பி.எஸ். கைக்குப் போவதற்கு முந்தைய ஃபெண்டர் என்றால் சேகரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். 1966 அந்தக் கோட்டைத் தாண்டி விழுகிறது. அசல் பெயின்ட் போய் மறுபெயின்ட் அடித்தது என்றால் விலை ஏறக்குறைய பாதிக்கு இறங்கும் என்பது இந்த வியாபாரத்தில் எழுதாத சட்டம். கீ, டோன் கன்ட்ரோல், ஓட்டை எல்லாம் அதற்கு மேலே சில்லறைக் கழிவு. வெளிநாட்டுக் கடைகளில் இதே நிலையில் இருந்தவற்றின் விலைகளைப் பார்த்து, வெறும் கருவிக்கு மூன்றரை லட்சம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இளையவர் முகம் விழுந்துவிட்டது. மூத்தவருக்கு அவ்வளவே ஆச்சரியம். அவர் முப்பதாயிரம் தேறும் என்று நினைத்து வந்திருக்கிறார்!

யாருடைய கிட்டார்?

விற்கப் போகிற சேதி வெளியே போனதும் பழைய மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து போன் வந்தது. அந்தக் கிட்டார் எங்கள் ட்ரூப்போடது, அவர் கடைசிவரை வாசிக்கட்டும் என்று விட்டு வைத்திருந்தோம் என்றார்கள்.

இதை வெறும் வம்பு என்று தள்ள முடியாது. நம்மூர்க் குழுக்களில் டிரம் செட், ஆம்ப், எக்கோ, சில நேரம் கிட்டார் வரை எல்லாம் குழு நடத்துபவர் சொத்து; வாசிப்பவர் கையை வீசிக்கொண்டு வருவார். உலக அளவிலும் பேர்போன பேஸ் கிட்டார்களுக்கு இந்த ராசி உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 2024இல்தான் அவரிடம் திரும்பிவிட்ட சேதி வெளியே வந்தது. ஐம்பது வருஷம் யார் பரணில் கிடந்தாலும் அது அவர் கிட்டார்தான். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃபெண்டர் ஜாஸ் பேஸ் 1986இல் காணாமல் போய், இருபது வருஷத்துக்குப் பிறகு நியூயார்க் கடை ஒன்றில் தலைகாட்டியது. கடைக்காரருக்கும் குடும்பத்துக்கும் வழக்கு நடந்து, 2010இல் மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் போட்டபிறகுதான் தீர்ந்தது. பெரிய விலை கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கதைகள் எல்லாம் அத்துப்படி. உரிமையில் ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் பக்கத்தில் வர மாட்டார்கள்.

முடிச்சை அவிழ்த்தது பெரியவரின் கணக்கு நோட்டு. கச்சேரிக்குக் கச்சேரி எழுதியிருக்கிறார்: ஊர், சம்பளம், அடுத்த கட்டத்தில் ‘கிட்டார், ஆம்ப் வாடகை’. குழு அவருக்கே வாடகை கொடுத்திருக்கிறது. தன் பொருளுக்கு யாரும் வாடகை கொடுக்க மாட்டார்கள். நோட்டை நேரில் கொண்டுபோய்க் காட்டினோம். குழுக்காரரின் மகன் அதில் தன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, உரிமை கோரவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினார்.

குடும்பத்துக்குள் பங்குக்கும் காகிதம் வேண்டும். பெரியவர் உயில் எழுதவில்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. வேறு காரியத்துக்காக ஏற்கெனவே வாங்கிய வாரிசுச் சான்றிதழ் இருந்தது. நாலு பேரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்றும் தயாரானது.

கிட்டாரை வாங்கிய பில் இல்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் வாத்தியக்காரரிடம் வாங்கினார் என்பது வீட்டில் சொல்லும் பேச்சு. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த அந்தக் காலத்தில் வெளிநாட்டு வாத்தியங்கள் வந்த வழியே பெரும்பாலும் அப்படித்தான். கேட்டவர்களிடம் இல்லை என்று சொன்னோம், அவ்வளவுதான்.

பேர் அச்சாகாத காலம்

இனி அந்தப் பாட்டு. இந்த வழக்கின் கனமான பகுதி இதுதான்.

எழுபது, எண்பதுகளின் தமிழ் இசைத்தட்டு உறையைத் திருப்பிப் பாருங்கள். இசையமைப்பாளர், பாடகர்கள், பாடலாசிரியர், படக் கம்பெனி. வயலின் வாசித்த முப்பது பேரோ, பேஸ் வாசித்த ஒருவரோ இருக்க மாட்டார்கள். இளையராஜாவின் பேஸ் வரிகளைப் பற்றி இன்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அவற்றை வாசித்த சசிதரன் பெயர் பொதுவாக எல்லாருக்கும் தெரியவந்தது எவ்வளவோ பிந்தி. அவரைப் போன்ற முன்வரிசைக்காரருக்கே அதுதான் கதி என்றால், அழைத்தபோது போய் வாசித்தவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ரஹ்மான் தொண்ணூறுகளில் கேசட் உறையில் வாசித்தவர்கள் பெயரை அச்சிடத் தொடங்கியபோது பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றவர்கள் ரசிகர்களுக்கு அறிமுகமானார்கள். அமெரிக்காவிலும் இதே கூத்துதான். மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர் உறையில் ஏறியது 1971இல்தான். அவருடைய 1962ஆம் ஆண்டு பிரிசிஷன், 1983இல் அவர் சாவதற்குச் சற்று முன்னால் திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

உறையில் பெயர் இல்லாதபோது வேறு என்ன இருக்கிறது என்று வீட்டைத் துழாவச் சொன்னேன். சினி மியூசிஷியன்ஸ் யூனியன் அட்டை கிடைத்தது. கறையான் தின்றது போக ஐந்து டைரி கிடைத்தது. ஒரு கருப்பு வெள்ளை போட்டோவும்.

டைரியில் பெரியவர் சிக்கனம். தேதி, ஸ்டுடியோ பெயரின் முதல் எழுத்து, காலையா மாலையா, இசையமைப்பாளர் பெயரின் சுருக்கம், ரூபாய், பஸ் செலவு. பாட்டின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது, வாசிக்கிறவர் முன்னால் நோட்ஸ் வரும், டேக் ஓகே ஆகும், வீட்டுக்குப் போவார். அது எந்தப் படம், எந்தப் பாட்டு என்று பல நேரம் ரேடியோவில் கேட்கும்போதுதான் தெரியும்.

வீட்டார் சொன்ன பாட்டின் படம் வெளிவருவதற்கு முந்தைய மாதங்களில், அந்த இசையமைப்பாளருக்கு அவர் சில கால்ஷீட் போயிருக்கிறார். ஆக, அவர் அந்த இசையமைப்பாளருக்கு வாசித்தது உறுதி. அந்தப் பருவத்தில் வாசித்ததும் உறுதி. அந்தப் பாட்டுக்கு வாசித்தார் என்பது? அதே இசையமைப்பாளருக்கு வழக்கமாக வாசிக்கும் இன்னொருவரும் இருந்தார். சரி, அவரே வாசித்தார் என்று வைத்துக்கொண்டாலும், இந்தக் கிட்டாரில்தான் வாசித்தாரா? அந்த வருஷங்களில் அவரிடம் ஒரு ஜப்பான் பேஸும் இருந்தது. மூன்றாவது கீ வந்ததே அதிலிருந்துதான். “பாட்டைக் கேட்டாலே தெரியுதேண்ணே, இதே சத்தம்” என்றார் இளையவர். ஃப்ளாட் கம்பி எனும் வழவழப்பான பழைய கம்பி போட்ட எந்த பேஸையும் அந்தக் கால மைக், டேப் வழியாகக் கேட்டால் இதே மாதிரித்தான் இருக்கும். காதை நம்பி விலை வைக்க முடியாது.

போட்டோதான் கை கொடுத்தது. ரெக்கார்டிங் ஹாலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் வெள்ளை பேஸ். பின்னால் கோடம்பாக்கத்துப் போட்டோ ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப்; பென்சிலில் 1981. ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் கிட்டாரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கீழ்க் கொம்பின் முனையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்த இடம், அதே ஓரக்கோடு. பிக்கார்டில் ஸ்க்ரூவிலிருந்து கீழே ஓடும் விரிசல். மேல்பக்கம் தேக்குத் துண்டு. ஹெட்ஸ்டாக்கில் மூன்றாவது கீ மட்டும் காது பெரிதாக. நாலும் ஒத்துப்போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விலையைப் பாதியாக்கியது இந்த வெள்ளைப் பெயின்ட். இது கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் இருந்த அதே கிட்டார் என்று நிரூபித்ததும் இந்தப் பெயின்ட்தான். அசல் சன்பர்ஸ்டாகவே இருந்திருந்தால், பத்தாயிரம் சன்பர்ஸ்ட் பிரிசிஷன்களில் ஒன்றாகத்தான் அந்த போட்டோவில் தெரிந்திருக்கும். மாற்றிய கீயும் அடைத்த ஓட்டையும் அப்படியே. குற்றம் என்று நான் முதல் தாளில் எழுதியவை எல்லாம் இரண்டாம் தாளில் அடையாளமாக ஏறின.

எனவே நாங்கள் எழுதிய வரலாறு இவ்வளவுதான்: 1966இல் செய்தது, 1981க்கு முன்பே வெள்ளை அடித்தது, சென்னைத் திரையிசை ஒலிப்பதிவுகளில் இன்னாரால் வாசிக்கப்பட்டது, போட்டோவும் டைரியும் சான்று, பிற்பாடு மதுரை மேடைகளில். பாட்டின் பெயர் இல்லை. ‘குடும்பத்தில் சொல்லப்படுவது’ என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று மூத்தவர் கேட்டார். சேர்த்தால் வாங்குபவர் அதைத்தான் முதலில் நோண்டுவார், நிற்காது, மற்றவையும் சேர்ந்து ஆட்டம் காணும் என்றேன். டீச்சரம்மா ஒரே பேச்சில் முடித்தார்: “அவரே அந்தப் பாட்டைப் பத்தி பெருமையாச் சொல்லி நான் கேட்டதில்லப்பா. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சொல்லுவாங்க.”

வந்த ஆட்கள்

முதலில் வந்தவர் ஓட்டல் திறக்கப் போகிற ஒருவர். வரவேற்பறைச் சுவரில் சினிமாச் சமாசாரங்கள் மாட்டப் போகிறாராம். நாலு லட்சம், மொத்தமும் ரொக்கம், இன்றைக்கே என்றார். மூன்றரைக்கு மேலே போகிறதே என்று இளையவருக்கு ஆசை. 2017 ஏப்ரலிலிருந்து ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவர் தலையில். பேங்க் வழியாகத் தாருங்கள் என்றதும் ஓட்டல்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். போனவர் போனவர்தான்.

வெளியூர் வியாபாரி ஒருவர் போட்டோ பார்த்தே இரண்டே முக்கால் சொன்னார். இல்லாவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது என்றார்: வெள்ளையைச் சுரண்டிவிட்டு சன்பர்ஸ்ட் அடித்து, அசல் கீ வாங்கிப் போட்டு, அழகாக்கி விற்றுத் தருகிறேன், நூற்றுக்கு இருபது கமிஷன். இதை நான் கடுமையாகவே தடுத்தேன். சுரண்டினாலும் அது மறுபெயின்ட்தான், பாதி விலை பாதி விலைதான். போட்டோவோடு ஒத்துப்போகிற நாலு அடையாளமும் போய், ஊர் பேர் தெரியாத கிட்டார் ஒன்று மிஞ்சும். பழைய கருவியைப் பளபளப்பாக்கும் இந்த வெறி நம்மூரில் வெண்கல விளக்கிலிருந்து வீணை வரை எதையும் விட்டு வைப்பதில்லை.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா என்றும் பார்த்தோம். நூறு வருஷம் ஆகாத பொருள் என்பதால் தொல்பொருள் சட்டம் குறுக்கே வராது. சிக்கல் ஃபிரெட் போர்டில், அதாவது நெக்கின் மேல் இருக்கும் மரப் பலகையில். அறுபதுகளின் நடுப்பகுதியில்தான் ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்துக்கு மாறியது. ஈட்டி என்றால், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து சர்வதேச அனுமதிச் சீட்டு தேவையில்லை. பிரேசில் மரம் என்றால் 1992 முதல் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. 1966 நெக் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மர நிபுணர், அனுமதி, இன்ஷூரன்ஸ், ஏலக் கமிஷன் என்று கூட்டிப் பார்த்தால், வெளியே பெயர் தெரியாத ஒரு தமிழ் வாசிப்பாளரின் கிட்டாருக்கு அங்கே கூடுதலாக ஒரு காசும் பெயராது. அந்தப் பெயரின் மதிப்பு தெரிந்தவர்கள் இருப்பது இங்கேதான்.

இங்கேயே கிடைத்தார். சென்னையில் வாசிக்கிற பேஸ்காரர், நாற்பதைத் தொடுகிற வயது. விவரத் தாளையும் போட்டோ ஸ்கேனையும் அனுப்பியிருந்தோம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கி, டீச்சரம்மாவுக்கு ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். ஆம்பில் போட்டு வாசிப்பதற்கு முன்னால் அவரே நெக்கைக் கழற்றி ஸ்டாம்பைப் பார்த்தார், பள்ளத்தில் மஞ்சளைப் பார்த்தார். போட்டோவை வாங்கி அந்தப் பெயர்ந்த இடத்தோடு வைத்து ரொம்ப நேரம் ஒப்பிட்டார். எந்தப் பாட்டு என்று அவராகவே கேட்டார். தெரியாது, நிரூபிக்க முடியவில்லை என்றோம். “நல்லதாப் போச்சு சார். பாட்டுப் பேரோட வந்த கிட்டார் நாலு பார்த்துட்டேன், நாலும் ஒரே பாட்டு” என்று சிரித்தார்.

அவர் பெரிதும் கேட்டது கம்பிகளைப் பற்றி. கிட்டாரில் இருந்த பழைய ஃப்ளாட் கம்பிகளை நான் மாற்றவில்லை. துருப்பிடித்து, பித்தளை போலக் கறுத்திருந்தன. அவை பெரியவர் கடைசியாகப் போட்டவைதான் என்று மூத்த மகன் சொன்னதும், கம்பியோடுதான் வேண்டும் என்றார். வெள்ளையும் அப்படியே இருக்கும், தொட மாட்டேன் என்றார்.

நாங்கள் ஆறரை சொன்னோம். அவர் நாலரையில் தொடங்கினார். மரத்துக்கு மூன்றரை என்பதில் அவருக்கும் எங்களுக்கும் தகராறே இல்லை. அவர் கணக்கும் அங்கேதான் வந்து நின்றது. பேரம் முழுக்க அதற்கு மேலே உள்ளதைப் பற்றித்தான். டைரிகளும் அசல் போட்டோவும் கூடவே வருமா என்று கேட்டார். டைரியைக் கொடுக்க டீச்சரம்மாவுக்கு மனமில்லை. அதில் பிள்ளைகள் பிறந்த தேதியும் இருக்கிறது. ஸ்கேன் பிரதியும், அசல் போட்டோவும், யூனியன் அட்டையின் நகலும், குழுக்காரர் எழுதிக் கொடுத்த தாளும் என்று பேசி, 5,25,000 ரூபாயில் முடிந்தது. ஆக, கதைக்குக் கிடைத்தது ஒன்றே முக்கால் லட்சம். பாட்டின் பெயர் நிரூபணமாகியிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று இளையவர் இன்னமும் கேட்கிறார்.

விற்பனைத் தாளில் கிட்டாரின் எண், நெக் ஸ்டாம்ப், மாற்றிய பாகங்கள், மறுபெயின்ட் எல்லாம் வரிசையாக எழுதினோம். குறிப்பிட்ட எந்தப் பாட்டுக்கும் விற்பவர்கள் உத்தரவாதம் தரவில்லை. பிற்காலத்தில் அப்படி ஏதாவது நிரூபணமானால் அதன் பலன் முழுவதும் வாங்கியவருக்கே, குடும்பம் கூடுதல் பணம் கோராது என்ற வரியை வாங்கியவர் கேட்டுச் சேர்த்தார். நியாயம்தான். பணம் டீச்சரம்மாவின் பேங்க் கணக்குக்கு வந்தபிறகே கிட்டார் படியிறங்கியது. என் வேலைக்கு முதலிலேயே பேசிய கூலிதான், விலையில் பங்கு இல்லை. மதிப்புச் சொல்கிறவனுக்கு விலையில் பங்கு இருந்தால் அவன் சொல்கிற மதிப்பை யாரும் நம்பக் கூடாது.

வரியைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்தில் இருந்த பொருள் என்றால் மூலதன ஆதாயக் கணக்கு வராது. தொழிலுக்கு வைத்திருந்த கருவி என்று பார்த்தால் விஷயம் வேறு. அதை ஆடிட்டரிடம் விட்டுவிட்டார்கள். டீச்சரம்மாவுக்கு 1,75,000; பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,16,666. மிச்சம் நின்ற இரண்டு ரூபாய்க்காக மூன்று பேரும் அடித்துக்கொள்வது போல நடித்தார்கள்.

பெரியவரின் ஆம்ப் மட்டும் விற்கவில்லை. சென்னைக்காரருக்கு அதில் நாட்டமில்லை, ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது. கோன் மாற்றிக் கொடுத்தால் சர்ச்சிலேயே வைத்துக்கொள்வதாகக் கொயர் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.